வீட்டுக்குள் விஞ்ஞானம்: பின் சீட்டில் நாம்

கறிவேப்பிலையை அலசி எடுத்ததும் ஒரு உதறு உதறுகிறோம். தண்ணீர் சிதறி ஓடிவிடுகிறது. துவைத்த புடவையைக் கொடியில் போடுவதற்கு முன் இரண்டு கையாலும் பிடித்துப் 'பட்'டென்று ஒரு உதறல். இதையெல்லாம் நமக்கு யாரும் பாடம் எடுத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. அம்மா செய்தாள், நாமும் செய்கிறோம். ஆனால் இதற்குள்ளே இருக்கிற சங்கதியைத்தான் ஐசக் நியூட்டன் 1687-ஆம் வருடம் வெளிவந்த தம் புத்தகத்தில் முதல் விதியாக எழுதி வைத்தார். நிற்கிற பொருள் நின்றுகொண்டே இருக்கப் பார்க்கும். ஓடுகிற பொருள் அதே வேகத்தில், அதே திசையில் ஓடிக்கொண்டே இருக்கப் பார்க்கும். வேறு ஏதாவது வந்து தள்ளினாலோ தடுத்தாலோதான் அது மாறும். கை சட்டென்று நிற்கிறது, கூடவே இலையும் நிற்கிறது. இலை மேல் ஒட்டியிருந்த தண்ணீரை யாரும் இறுகப் பிடித்துக்கொள்ளவில்லை. அது பாட்டுக்குப் போய்விடுகிறது! பள்ளிக்கூடப் புத்தகத்தில் இந்தக் குணத்துக்கு 'நிலைமம்' என்று பெயர் போட்டிருக்கிறார்கள்.

இன்றைக்கு இதை ஏன் எடுத்தேன் என்றால், குக்கரைப் பற்றி நான் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு ஒரு சகோதரி கடிதம் போட்டிருக்கிறார். "எங்க வீட்டுக்காரர் வண்டியிலே பின்னால உட்காரும்போது ஒரு பக்கமா உட்காரணும்னு மாமியார் சொல்றாங்க. இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரும்மான்னு மக சொல்றா. உங்க விஞ்ஞானம் என்ன சொல்லுது?" என்று கேட்டிருக்கிறார். விஞ்ஞானம் மாமியார் கட்சியா, மகள் கட்சியா என்பதைப் பார்த்துவிடலாம். நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவள்தான். ஆனாலும் பையனுடைய பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது பூவம். வடக்கே நண்டலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் தமிழ்நாடு, தரங்கம்பாடி. தெற்கே போனால் கோட்டுச்சேரி, காரைக்கால். காய்கறிக்கு, டாக்டருக்கு, கல்யாணத்துக்கு, சனிக்கிழமையானால் திருநள்ளாற்றுக்கு என்று எதற்கும் பஸ் அல்லது டூவீலர்தான். இந்த ரோட்டில் ஒரு அரை மணி நேரம் நின்று பாருங்கள். பின் சீட்டில் போகிறவர்களில் பாதிக்கு மேல் நம்மவர்கள்தான். மடியில் ஒரு குழந்தை, தோளில் ஒரு பை, ஒரு கையில் முந்தானை. ஓட்டுகிறவருக்காவது பிடித்துக்கொள்ள ஹேண்டில்பார் இருக்கிறது.

முதலில் பஸ்ஸைப் பார்ப்போம். பஸ் கிளம்பினால் பின்னால் சாய்கிறோம், பிரேக் போட்டால் முன்னால் விழுகிறோம். காலைப் பஸ்ஸின் தரை இழுத்துக்கொண்டு போகிறது. தலைக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை, அது பழைய இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. இதற்கு மருந்து கபடி ஆட்டக்காரர்களிடம் இருக்கிறது. சென்னை கண்ணகி நகர் கார்த்திகா 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியக் கபடி அணியில் ஆடித் தங்கம் வாங்கி வந்தாரே, அந்த ஆட்டத்தை டி.வி.யில் பார்த்தால் கவனியுங்கள். எந்தப் பெண்ணும் கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்க மாட்டாள். கால்கள் அகன்றிருக்கும், முழங்கால் மடங்கியிருக்கும், இடுப்பு தாழ்ந்திருக்கும். உடம்பின் எடையெல்லாம் ஒரே புள்ளியில் இருப்பதாக வைத்துக்கொண்டால் அந்தப் புள்ளி, புத்தகத்தில் ஈர்ப்பு மையம் என்கிறார்களே அது, இரண்டு கால்களுக்கும் நடுவிலேயே இருக்கிற வரை ஆள் விழமாட்டாள். கால் அகலமானால் இடம் அகலமாகிறது. அவ்வளவுதான் ரகசியம். பஸ்ஸில் நிற்கும்போது பஸ் போகிற திசையில் ஒரு காலை முன்னேயும் ஒரு காலைப் பின்னேயும் வைத்து, முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி நின்று பாருங்கள். கம்பியைத் தொங்கிப் பிடிக்க வேண்டிய அவசியமே குறைந்துவிடும். பக்கவாட்டில் காலை அகற்றி நின்றால் பிரயோஜனமில்லை. தள்ளு வருவது முன்னும் பின்னும்தானே!

இப்போது வண்டிக்கு வருவோம். ஒரு பக்கமாக உட்கார்ந்தால் நம் முகம் ரோட்டோரத்துப் புளிய மரத்தைப் பார்த்திருக்கிறது. வண்டி போவது வேறு திசை. இரண்டு காலும் ஒரே மிதியில், பக்கத்துப் பக்கத்தில். வண்டி சட்டென்று கிளம்பினால் நாம் வால் பக்கம் சரிகிறோம். பிரேக் போட்டால் ஓட்டுபவர் முதுகில் போய் இடிக்கிறோம். இரண்டு தடவையும் நம்மைத் தடுக்கிறது எது? வழவழவென்ற ரெக்ஸின் சீட்டுக்கும் புடவைக்கும் நடுவே இருக்கிற கொஞ்சூண்டு உராய்வு. பட்டுப்புடவையானால் அதுவும் கிடையாது. இரண்டு பக்கமும் கால் போட்டால் மிதி இரண்டு பக்கமும் இருக்கிறது, முழங்கால் இரண்டும் சீட்டை அணைத்துக்கொள்கிறது, முகமும் வண்டி போகிற பக்கமே பார்க்கிறது. வேகத்தடை தூரத்தில் வரும்போதே நமக்கும் தெரிகிறது.

வேகத்தடைதான் பெரிய எமன். பின் சீட்டு பெரும்பாலும் பின் சக்கரத்துக்கு நேர் மேலேயே இருக்கும். ஓட்டுபவர் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் இருப்பதால் அவருக்குப் பாதித் தூக்கல்தான். பின் சக்கரம் ஏறினால் நமக்கு முழுத் தூக்கல். சீட்டு நம்மை மேலே தள்ளிவிட்டு உடனே கீழே இறங்கிவிடுகிறது. மேலே கிளம்பிய உடம்பு நியூட்டன் சொன்னபடி இன்னும் மேலேயே போய்க்கொண்டிருக்கிறது. அரை விநாடிகூட இல்லை, ஆனால் அந்த நேரத்துக்கு நாம் அந்தரத்தில்! திரும்பி உட்காரும்போது சீட்டு அதே இடத்தில் இருக்கிறதா என்பது அதிர்ஷ்டம். பெண்கள் வேகத்தடையில் பின்னாலிருந்து விழுந்த செய்தி பேப்பரில் அடிக்கடி வருவதற்கு இதுதான் காரணம்.

எங்கள் பக்கத்திலேயே அப்படி ஒருத்தி விழுந்தாள். கல்யாணத்துக்குப் போய்விட்டுக் கணவரோடு திரும்பிக்கொண்டிருந்தாள். பட்டுப்புடவை, ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தாள், மடியில் தாம்பூலப் பை. வேகத்தடையின் வெள்ளைக் கோடு அழிந்துபோன இடம். கொஞ்ச தூரம் போன பிறகுதான் பின்னால் பாரம் இல்லை என்பது அந்த மனிதருக்குத் தெரிந்ததாம். அவருக்கு ஒரு கீறல் கிடையாது. இவளுக்குப் பின் மண்டையில் அடி. பிழைத்துக்கொண்டாள், இரண்டு வாரத்தில் வீட்டுக்கும் வந்துவிட்டாள். வந்து அடுப்பில் ரசத்தை வைத்தவள், "அக்கா, ரசம் கொதிக்கிறது கண்ணுக்குத் தெரியுது, மூக்குக்குத் தெரியலையே!" என்றாள். அன்றிலிருந்து அவளுக்கு வாசனையே கிடையாது. மல்லிகையும் தெரியாது, பால் கெட்டதும் தெரியாது, கேஸ் கசிந்தாலும் தெரியாது. கேஸ் பற்ற வைப்பதற்கு முன்னால் மகளைக் கூப்பிட்டு முகரச் சொல்கிறாள்.

அடிபட்டது பின் மண்டையில். போனது மூக்கின் சக்தி. எப்படி? இதற்கும் கறிவேப்பிலைக் கணக்குத்தான். மூளை என்பது ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ எடையுள்ள, மெத்தென்ற ஒரு வஸ்து. மண்டை ஓட்டுக்குள் நீரில் மிதந்தபடி இருக்கிறது. மண்டை தரையில் பட்டு நின்றுவிடுகிறது. உள்ளே மூளை உடனே நிற்பதில்லை, அது தன் போக்கில் இன்னும் கொஞ்சம் நகர்கிறது. வாசனையைக் கொண்டுபோகும் மெல்லிய நரம்பு இழைகள் மூக்குக்கு மேலே உள்ள எலும்பின் சல்லடைத் துவாரங்கள் வழியாக மூளைக்குப் போகின்றன. மூளை நகரும்போது அந்த இழைகள் அறுந்துபோகலாம் என்கிறார்கள் டாக்டர்கள். உறை போட்ட கெட்டித் தயிர்ச் சட்டியைச் 'சடக்'கென்று மேடையில் வைத்துப் பாருங்கள். சட்டிக்கு ஒன்றும் ஆகாது. உள்ளே தயிர் உடைந்திருக்கும். தலையில் வெளிக்காயம் இல்லை, ரத்தம் இல்லை என்று யாராவது சொன்னால் நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். விழுந்து எழுந்தவர் வாந்தி எடுத்தாலோ, அசந்து அசந்து தூங்கினாலோ, பேச்சுக் குழறினாலோ அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

என் மாமியாரும் அந்தக் காலத்து மனுஷிதான். "பொம்பளை ஆம்பளையாட்டம் ரெண்டு பக்கமும் காலைப் போடுறதாவது! நாங்கெல்லாம் மாட்டு வண்டியிலே காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு மாயவரம் வரைக்கும் போகலையா, விழுந்தா போயிட்டோம்?" என்பார். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டேன். மாட்டு வண்டி மணிக்கு 4 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், நம் வண்டி 40. வேகம் பத்து மடங்கு. ஆனால் மோதும் சக்தி பத்து மடங்கு இல்லை, நூறு மடங்கு! வேகத்தை வேகத்தாலேயே பெருக்க வேண்டும் என்பது விதி. வேகம் இரண்டு மடங்கானால் சக்தி நாலு மடங்கு, மூன்றானால் ஒன்பது. மாட்டு வண்டிக்குச் சரியாக இருந்தது மோட்டார் வண்டிக்கும் சரியாக இருக்க வேண்டுமென்பதில்லை. இதை மாமியாரிடம் சொன்னபோது ஒன்றும் பேசவில்லை. மறுநாள் பேத்தியைக் கூப்பிட்டு, "நீ ரெண்டு பக்கமும் காலைப் போட்டே உக்காரு" என்றார். எனக்குச் சொல்லவில்லை, பேத்திக்குத்தான்! அது போகட்டும்.

எனக்கு ஒன்று புரிவதில்லை. நாற்று நடும்போது புடவையை வாரிச் செருகிக்கொண்டு முழங்கால் சேற்றில் இறங்கி நிற்கிற பெண்களை இந்த ஊரில் யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. அதே பெண் வண்டியில் கால் போட்டு உட்கார்ந்தால் மட்டும் மரியாதை போய்விடுமா?

குதிரையில் ஒரு பக்கமாக உட்கார்ந்து போன சீமாட்டிகள் கதையையும் கேளுங்கள். இங்கிலாந்து ராணி இரண்டாம் எலிசபெத் 1969 முதல் 1986 வரை பிறந்த நாள் அணிவகுப்புக்கு 'பர்மீஸ்' என்ற குதிரையில் ஒரு பக்கமாக உட்கார்ந்துதான் போவார். ஆனால் அந்தச் சேணம் தனி ரகம். இரண்டு கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்றின் மேல் வலது காலைப் போட்டு, மற்றொன்றின் அடியில் இடது தொடையைக் கொடுத்து இறுக்கிக்கொள்ள வேண்டும். ஒரு பக்கமாக உட்கார்வது கஷ்டம் என்று தெரிந்து அதற்கென்று சேணம் செய்தார்கள். நமக்குச் செய்து கொடுத்தது ஒரு கைப்பிடியும், மிதியும், பின் சக்கரத்தைப் பாதியாவது மூடுகிற ஒரு தடுப்பும். மோட்டார் சைக்கிளில் இந்த மூன்றும் இருந்தே ஆகவேண்டும் என்று 1989-ஆம் வருடத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி சொல்கிறது. அழகாக இல்லை என்று பையன்கள் முதல் வேலையாகக் கழற்றிப் போடுவது அந்தத் தடுப்பைத்தான். 'சாரி கார்டு' என்று நாம் சொல்வது.

அதைக் கழற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 40 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரத்தின் விளிம்பு ஒரு விநாடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. புடவையின் நீளம் ஐந்தரை மீட்டர். அந்த வேகத்தில் துணியை இழுத்தால் முழுப் புடவைக்கும் அரை விநாடி போதும்! "ஐயோ, நிறுத்துங்க" என்று சொல்லி முடிக்கவே அதற்கு மேல் ஆகும். இசடோரா டங்கன் என்று உலகப் புகழ்பெற்ற நாட்டியக்காரி இருந்தார். 1927 செப்டம்பர் 14-ஆம் தேதி பிரான்சு தேசத்து நீஸ் நகரில் ஒரு திறந்த காரில் ஏறி உட்கார்ந்தார். கழுத்தில் நீளமான பட்டு அங்கவஸ்திரம். அதன் நுனி சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. அங்கேயே முடிந்துவிட்டார். நம் பெண்கள் துப்பட்டாவைப் பின்னால் பறக்கவிட்டுக்கொண்டு போகும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மாள் ஞாபகம்தான் வரும். துப்பட்டாவைக் குறுக்காகப் போட்டு இடுப்பில் முடிச்சுப் போட வேண்டும், முந்தானையை இழுத்துச் செருக வேண்டும். புர்கா போடுகிற சகோதரிகள் அடிப்பகுதியைச் சுருட்டிக் காலுக்கு அடியில் கொடுத்துக்கொள்ள வேண்டும்.

திருப்பத்தைப் பற்றி ஒரே வார்த்தை. வாஷிங் மெஷினில் பிழியும் தொட்டி சுற்றும்போது துணியைத் தொட்டிச் சுவர் தடுத்துத் திருப்பிவிடுகிறது. ஓட்டை கிடைத்த தண்ணீர் நேரே வெளியேறிவிடுகிறது. வண்டி வளையும்போதும் நம் உடம்பு நேரே போகத்தான் பார்க்கும். ஓட்டுபவர் வண்டியைச் சாய்க்கும்போது நாமும் கூடவே சாய்ந்தால் ஒன்றும் தெரியாது. பயந்துகொண்டு எதிர்ப்பக்கம் விறைத்து நிமிர்ந்தால்தான் வம்பு. அறுவடைக் காலத்தில் எங்கள் பக்கத்து ரோடுகளில் நெல்லையும் உளுந்தையும் வேறு காயப்போட்டிருப்பார்கள். அது உருளைக் குண்டுகள் மேல் ஓட்டுவது மாதிரி. சாயவும் கூடாது, பிரேக்கும் கூடாது. வேகத்தைக் குறைத்து மெதுவாக உருட்டிக்கொண்டு போவது ஒன்றுதான் வழி.

இனி விழுவதைப் பற்றி. விழுவதால் அடிபடுவதில்லை, நிற்பதால்தான் அடிபடுகிறது! வேடிக்கையாக இருக்கிறதல்லவா? மரத்திலிருந்து விழுந்த இளநீர் வைக்கோலில் விழுந்தால் முழுசாகக் கிடைக்கும், சிமெண்டுத் தரையில் விழுந்தால் பிளந்துவிடும். விழுந்த உயரம் ஒன்றுதான். வைக்கோலில் ஒரு அடி ஆழத்துக்கு அமுங்கி அமுங்கி நிற்கிறது. சிமெண்டில் 'டக்'.

என் பையன் கிரிக்கெட் ஆடுகிறவன். காட்ச் பிடிக்கும்போது கையைப் பின்னுக்கு வாங்கிக்கொள்வான். ஏண்டா என்றால், "வலிக்காதும்மா" என்பான். எவ்வளவு வலிக்காது என்பதைப் போட்டுப் பார்த்தேன். பந்தின் எடை 160 கிராம் வாக்கில். 90 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற பந்தைக் கை 5 சென்டிமீட்டர் தூரத்தில் நிறுத்தினால் கையில் விழும் அழுத்தம் நூறு கிலோ பாரத்துக்குச் சமம். அதையே அரை மீட்டர் பின்னுக்கு வாங்கி நிறுத்தினால் பத்துக் கிலோதான். சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினார். ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் பாதிக்கப்பட்ட பிள்ளை. அவ்வளவு உயரத்திலிருந்து கீழே வந்தவர் சிரித்துக்கொண்டே எழுந்திருக்க முடிவது எதனால்? கீழே போட்டிருக்கும் தடிமனான மெத்தையால். முன்காலத்தில் மணல்தான் போட்டிருப்பார்கள். மெத்தை வந்த பிறகுதான் முதுகுப்பக்கமாகத் தாண்டி முதுகாலேயே விழுவதற்கு ஆட்களுக்குத் துணிச்சல் வந்தது. 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் டிக் ஃபாஸ்பரி என்ற அமெரிக்கர் அந்த முறையில்தான் 2.24 மீட்டர் தாண்டி ஜெயித்தார்.

வைக்கோல், பின்னுக்கு வாங்கும் கை, மெத்தை எல்லாம் செய்கிற வேலை ஒன்றுதான்: நிற்கிற தூரத்தைக் கொஞ்சம் நீட்டித் தருவது. ஹெல்மெட்டுக்குள்ளே இருக்கும் தெர்மாகோலும் அதுதான். வெளி ஓடு அடியைப் பரப்பிவிடும், உள்ளே இருக்கும் தெர்மாகோல் நசுங்கும். வெறுந்தலை தரையில் பட்டால் சில மில்லிமீட்டரில் நின்றுவிடும். தெர்மாகோல் நசுங்கினால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கிடைக்கிறது. அந்த இரண்டு சென்டிமீட்டரில்தான் மூக்கும் காதும் ஞாபகமும் உயிரும் இருக்கின்றன. ஒரு தடவை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடக்கூடாது என்பதும் இதனால்தான். வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்ளே நசுங்கினது நசுங்கினதுதான், திரும்ப உப்பாது.

"பக்கத்துக் கடைக்குத்தானே, மெதுவாத்தானே போறோம்" என்பார்கள். நிற்கிற வண்டியிலிருந்து சரிந்தாலே போதும். சீட்டில் உட்கார்ந்தால் தலை தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரம். அங்கிருந்து விழும் தலை தரையைத் தொடும்போது மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். 20 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் போய்த் தலையை முட்டிக்கொள்ள யாராவது சம்மதிப்போமா? வண்டி ஓடும்போது மின் கம்பத்திலோ லாரியிலோ மோதினால் இன்னும் மோசம். 40 கிலோமீட்டரில் மோதுவது 20 அடி உயரத்திலிருந்து, அதாவது மாடி வீட்டு மொட்டை மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். 60 கிலோமீட்டர் என்றால் 46 அடி, நன்றாக வளர்ந்த தென்னையின் உச்சி.

மடியில் வைத்துக்கொள்கிற குழந்தையைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. "என் கையைவிட ஜாக்கிரதையான இடம் எது?" என்று எந்தத் தாயும் கேட்பாள். பத்துக் கிலோ குழந்தை. வண்டி 36 கிலோமீட்டரில் போகிறது, எதிலோ மோதிப் பத்தில் ஒரு பங்கு விநாடியில் நிற்கிறது. அந்த நேரத்தில் குழந்தையைப் பிடித்து நிறுத்த நம் கை நூறு கிலோவைத் தாங்கவேண்டும். 25 கிலோ அரிசிச் சிப்பம் நாலு! ஒரு சிப்பத்தை வாசலிலிருந்து அடுக்களைக்கு நகர்த்தவே ஆள் தேடுகிறோம். பாசத்துக்குப் பலம் உண்டுதான், ஆனால் இந்தக் கணக்குக்கு முன்னால் நிற்காது. நாலு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பட்டை போட்டுத்தான் கூட்டிப் போகவேண்டும், ஒன்பது மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு அளவான ஹெல்மெட் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது என்று மத்திய அரசு 2022 பிப்ரவரியில் விதி வெளியிட்டு, அது அடுத்த வருடமே நடைமுறைக்கும் வந்துவிட்டது. நம் பக்கத்தில் எத்தனை வீட்டில் அந்தப் பட்டை இருக்கிறது?

அதே 2022-இல் நம் நாட்டில் ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029 பேர் என்று மத்திய அரசின் சாலை விபத்து அறிக்கையில் இருக்கிறது. அதில் 14,337 பேர் ஓட்டினவர்கள் இல்லை, பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். ஒரு நாளைக்கு 39 பேர்.

எங்கள் ஊரில் ஒரு வேடிக்கை நடக்கும். நண்டலாற்றுப் பாலம் வரை வண்டியின் டேங்க் மேல் உட்கார்ந்து வருகிற ஹெல்மெட், பாலம் வந்ததும் தலைக்கு ஏறும். அந்தப் பக்கம் தமிழ்நாட்டுப் போலீஸ்! திரும்பி வரும்போது பாலம் தாண்டியதும் மறுபடி டேங்குக்கு இறங்கிவிடும். சட்டமே இரண்டு பக்கமும் ஒன்றுதான், நியூட்டன் விதி கேட்கவே வேண்டாம். இதில் பின் சீட்டு அம்மாவுக்கு எந்தப் பக்கத்திலும் ஹெல்மெட் கிடையாது. வீட்டில் ஒரே ஒரு ஹெல்மெட், அது ஐயாவுக்கு. இரண்டாவது ஒன்று வாங்கச் சொல்லுங்கள் சகோதரிகளே. ஒரு சுமாரான புடவை விலைதான்.

வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள். 2021 ஜூன் 1 முதல் அந்த முத்திரை இல்லாததை விற்கவே கூடாது, ஆனாலும் ரோட்டோரத்தில் தொப்பி மாதிரி ஒன்றை விற்கத்தான் செய்கிறார்கள். போட்டுக்கொண்டு தலையை ஆட்டினால் ஹெல்மெட்டும் சேர்ந்து ஆடவேண்டும், தனியாகச் சுற்றக்கூடாது. தாடைப் பட்டையைக் கட்டாயம் மாட்ட வேண்டும். மாட்டாவிட்டால் மறுபடி கறிவேப்பிலைதான்: தலை ஒரு பக்கம், ஹெல்மெட் ஒரு பக்கம்.

கட்டாயம் ஒரு பக்கமாகத்தான் உட்கார வேண்டிய நாள் வந்தால், ஓட்டுபவரை ஒட்டி உட்கார்ந்து ஒரு கையால் அவர் இடுப்பையும் மற்றொரு கையால் பின் கைப்பிடியையும் பிடித்துக்கொள்ளுங்கள். மடியில் எதுவும் வேண்டாம், பையை முன்னால் கொக்கியில் மாட்டச் சொல்லுங்கள். வேகத்தடையில் நடக்கிற வேகத்துக்கு வரச் சொல்லுங்கள். சொல்வதற்குக் கூச்சப்பட வேண்டாம், விழப்போவது நாம்தான். கடிதம் எழுதிய சகோதரிக்கு என் பதில்: நீங்கள் உங்கள் மகள் சொல்கிறபடி உட்காருங்கள். உள்ளே பருத்தியில் ஒரு பேண்ட் தைத்துப் போட்டுக்கொண்டால் புடவையோடும் சிரமமில்லை.

கொண்டையைப் பற்றியும் கேட்பீர்கள். உயரமாகக் கொண்டை போட்டால் ஹெல்மெட் சரியாக உட்காராது. கழுத்தோடு தாழ்த்திப் பின்னல் போடுங்கள். தலைக்கு ஒரு மெல்லிய பருத்தித் துணி கட்டி அதன் மேல் போட்டால் வியர்வை அதில் போகும், தினமும் அலசிவிடலாம். ஈரத் தலையோடு போடாதீர்கள், பொடுகு வரும். உள்ளே கழற்றுகிற மாதிரி இருக்கும் பஞ்சு உறையைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை சீயக்காய்த் தண்ணீரில் ஊறவைத்து நிழலில் காயப்போடுங்கள். பூவை வாழை நாரோடு சுருட்டி டிபன் டப்பாவில் வைத்து எடுத்துப் போனால், கல்யாண மண்டபத்து வாசலில் இறங்கி வைத்துக்கொள்ளும்போது கசங்காமல் இருக்கும்.